சடைமுடியோடு ஆபீஸ் போகலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. பிறவியிலேயே சுருட்டை முடி. இரண்டு வருடமாக ட்ரெட்லாக்ஸ் என்கிற சடைமுடி வைத்திருக்கிறேன். செயற்கை முடி, மெழுகு எதுவும் கிடையாது. என் முடியையே பிரித்து முறுக்கி வளர்த்தது. பழைய மேனேஜர் ஒன்றும் சொன்னதில்லை. புதிதாக வந்தவர் இரண்டு முறை "கொஞ்சம் ப்ரொஃபஷனலா வாங்க" என்றார். கூட வேலை பார்ப்பவர்கள் "தலைக்குக் குளிப்பீங்களா?" என்கிறார்கள். ஒருவர் கேட்காமலே தொட்டுப் பார்க்கிறார். அம்மா திருப்பதிக்குப் போய் மொட்டை போடச் சொல்கிறார். ஏப்ரலில் அப்ரைசல். வெட்டிவிடட்டுமா? வெட்டவில்லை என்றால் இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: வெட்ட வேண்டாம். அலுத்துப்போய் நீங்களாக வெட்டினால் அது வேறு விஷயம். யாரோ இரண்டு முறை ஒரு வார்த்தை சொன்னதற்காக இரண்டு வருட வளர்ப்பை வெட்டிவிட்டு, மே மாதம் கண்ணாடி முன்னால் நின்று வருத்தப்படாதீர்கள்.

நான் பதினான்கு வருடம் மனிதவளத் துறையில் இருந்தவள். அதில் கடைசி ஆறு வருடம் தலையில் சடையோடு. அதனால் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். தோற்ற விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. உண்மையைச் சொன்னால், அவற்றை எழுதும்போது எங்களில் யாரும் சடையை நினைத்துப் பார்த்ததே இல்லை. 'முடி சுத்தமாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும்' என்று வேறு ஏதோ நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டியிருப்போம். உங்கள் நிறுவனத்திலும் அநேகமாக அதே வரிதான் இருக்கும். முதல் வேலையாக அதைத் தேடிப் படியுங்கள். நியமனக் கடிதத்தையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

'ப்ரொஃபஷனல்' என்பது வாய் கட்டிய மூட்டை. உள்ளே மூன்றில் ஒன்று இருக்கும். உண்மையிலேயே ஒரு விதி இருக்கலாம். தலை நாறுகிறது, அதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கலாம். அல்லது அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. மூட்டையை அவர் கையாலேயே அவிழ்க்க வைப்பதுதான் உங்கள் வேலை.

முடியால் வேலைக்கு ஆபத்து வரும் என்பது இல்லாத பயம் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2010இல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு கால் சென்டரில் வேலை உறுதியானது. அப்புறம் மனிதவள அதிகாரி அவருடைய சடையைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் கலைந்துபோய் அசிங்கமாகிவிடும், உங்களுடையது அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் புரிகிறது இல்லையா என்கிற மாதிரி பேசினார். வெட்ட மறுத்ததும் வேலை போனது. அந்தத் தலையில் குறை இருந்ததாக அந்த அதிகாரிகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கு நடந்தது, சிகை அலங்காரம் என்பது மாற்றிக்கொள்ளக்கூடியது, அதைத் தடுப்பது இனப்பாகுபாடு ஆகாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இப்படிப்பட்ட கசப்புகளுக்குப் பிறகுதான் 2019இல் கலிஃபோர்னியா, 'கிரவுன் சட்டம்' என்ற பெயரில் சடை, பின்னல் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு தந்தது. பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2023இல் டெக்சாஸும் சேர்ந்தது.

நம்மூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் பாகுபாட்டுத் தடையை வேலை விஷயத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் நேரடியாகப் பாய்ச்ச முடியாது. அதனால் "இது என் உரிமை" என்று மேனேஜரிடம் ஆரம்பிக்காதீர்கள். அடுத்த வரி உங்களிடம் இருக்காது.

கையில் எடுக்க வேண்டிய கேள்வி வேறு. அதைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கடன் வாங்கலாம். கேப் டவுனில் உள்ள போல்ஸ்மூர் சிறையின் ஆண் காவலர்கள் ஐந்து பேர், சடையை வெட்ட மறுத்ததால் 2007இல் வேலை இழந்தார்கள். சிலர் சடை வளர்ப்பதைச் சமய வழக்கமாகக் கொண்ட ரஸ்தஃபாரிகள், சிலர் கோசா இனத்தின் ஆன்மிக வழக்கப்படி வளர்த்தவர்கள். சிறைத்துறையோ ஒழுங்கு, பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த முடியால் வேலையில் என்ன குறை வந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. போதாக்குறைக்கு, அதே சிறையில் பெண் காவலர்களுக்குச் சடை அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 'முடியால் வேலையில் என்ன குறை?' என்ற கேள்வியைக் கேட்க எந்த நாட்டுச் சட்டமும் தேவையில்லை.

மேனேஜர் அடுத்த முறை சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசுங்கள். "சார், ப்ரொஃபஷனலா வரச் சொன்னீங்க. சுத்தம் பத்திச் சொல்றீங்களா, கட்டற விதம் பத்தியா, இல்ல கஸ்டமர் யாராவது ஏதாவது சொன்னாங்களா? எதுன்னு சொன்னா சரி பண்ணிக்கறேன்." இவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். நிரப்ப வேண்டியது அவர். பத்தில் ஏழு பேர் "அதெல்லாம் இல்ல, பின்னாடி கட்டிக்கிட்டா நல்லா இருக்கும்" என்று இறங்கி வருவார்கள். இது புள்ளிவிவரம் இல்லை, என் அனுபவக் கணக்கு. கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே இரண்டு வரி மின்னஞ்சல்: 'இன்று பேசியபடி, வாடிக்கையாளர் சந்திப்புகளில் முடியைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வேறு மாற்றம் தேவையில்லை என்று புரிந்துகொண்டேன்.' ஏப்ரலில் முடி ஒரு காரணமாக எழுந்தால் இந்த இரண்டு வரி பேசும். வெட்டியே ஆக வேண்டும் என்றால், எந்த விதி என்று எழுத்தில் தரும்படி மனிதவளத் துறையிடம் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பாதிப் பேருக்குச் சுருதி குறைந்துவிடும்.

நான் இதைச் செய்யவில்லை. நான் இருந்த ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்று, குரூப் போட்டோவில் "நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்களேன்" என்றார்கள். நின்றேன். அந்தப் போட்டோ ரொம்ப நாள் வரவேற்பறையில் மாட்டியிருந்தது; அதில் என் நெற்றி மட்டும் தெரியும்.

இனி அந்த மூன்றில் நடுவில் இருப்பது, சுத்தம். இதில் உங்கள் பக்கம் ஓட்டை இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ட்ரெட்லாக்ஸுக்குக் குளிக்கவே கூடாது என்பது புரளி. சென்னை வேர்வைக்கு வாரம் ஒரு முறையாவது அலச வேண்டும். நம்மிடம் வில்லன் அழுக்கு இல்லை, எண்ணெய். சின்ன வயதிலிருந்து தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்த கை சும்மா இருக்காது. சாதாரண முடியில் வைத்தால் சீப்பும் சீயக்காயும் எடுத்துவிடும். சடைக்குள் போனது அங்கேயே தங்கி, தூசியைப் பிடித்து, சிக்குவாடை அடிக்கும். சீயக்காய்த் தூள், அரப்பு எல்லாம் உள்ளே போய் மண்போல உட்கார்ந்துகொள்ளும், அதையும் விடுங்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, மூக்கு நீண்ட பாட்டிலில் ஊற்றி, மண்டைத் தோலில் மட்டும் விட்டு விரல் நுனியால் தேயுங்கள். சடைகளைத் தனியாகத் தேய்க்க வேண்டாம், நுரை இறங்கும்போதே அலசிவிடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்றுங்கள்.

அதைவிட முக்கியம் காயவைப்பது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்தண்டு ஈரமாகவே இருக்கும். ஞாயிறு ராத்திரி குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டுத் தூங்கி, திங்கள் காலை ஹெல்மெட்டையும் மாட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்க வேறென்ன வேண்டும்? ஈரத் துணியைப் பக்கெட்டில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. ஏசி அறையில் பக்கத்து சீட்டுக்கு அது உங்களுக்கு முன்னால் தெரியும். சனிக்கிழமை காலையில் குளியுங்கள். பழைய பருத்தித் துண்டால் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, மின்விசிறியில் விரித்துவிட்டு, மழைக்காலமானால் டிரையரும் பிடியுங்கள். மாலையில் ஒரு தடித்த சடையை மூக்கருகே வைத்து அழுத்தி முகர்ந்து பாருங்கள்.

பொடுகு இருந்தால் தோல் மருத்துவரிடம் கேட்டு மருந்து ஷாம்பூ வாங்குங்கள், கருப்பு உடையில் வெள்ளை உதிர்ந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேர்முடியை இறுக்கி முறுக்குவது மாதம் ஒரு முறை போதும். நேர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று அடிக்கடி இழுத்து இறுக்கினால் நெற்றியோரத்தில் வழுக்கை விழும், அது திரும்பி வளராமலும் போகலாம்.

"தலைக்குக் குளிப்பீங்களா?" என்பதற்கு, "சனிக்கிழமை சனிக்கிழமை. நீங்க?" போதும். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கஞ்சா ஜோக் இன்னும் வரவில்லை என்றால் வரும். அதற்கு மட்டும் சிரிக்காதீர்கள். ஆபீஸில் அது ஜோக் இல்லை, குற்றச்சாட்டு. சொன்னவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

தொடுபவரிடம் கையை விலக்கி, "தொடாதீங்க" என்று மற்றவர் காதில் விழும்படி சொல்லுங்கள். மறுபடி நடந்தால் தேதியோடு குறித்துவையுங்கள். தொடுகையில் ஆபாசம் தெரிந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டப்படி நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகலாம், மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். வெறும் அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மனிதவளத் துறையே போதும்.

அம்மா விஷயத்தில் எனக்கு வழி தெரியவில்லை. என் மாமியாரின் ஊரில், சடை விழுந்திருக்கிறது, அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று ஒரு பாட்டி என்னைக் கும்பிட்டார். மாமியாருக்கு அன்று என்மேல் வந்த கோபம் அடங்க வெகுநாள் ஆனது. இப்போது சனிக்கிழமை மாலையானால் அவரே வந்து ஒரு சடையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் காயல, ஃபேனுக்கு அடியில உக்காரு" என்கிறார்.