பிரிட்ஜில் நிற்கும் மெட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிற்றாருக்கென்று ஒரு ஜாஸ் மெட்டு எழுதத் தொடங்கி எட்டு மாதமாகிறது. ஏஏபிஏ அமைப்பு (ஏ பகுதி இரண்டு தடவை, பிறகு வேறான பி பகுதி, மீண்டும் ஏ), மொத்தம் 32 பார் (தாளச் சுற்று). முதல் எட்டுப் பாரும் ஒரே இரவில் வந்துவிட்டன. பிரிட்ஜ், அதாவது அந்தப் பி பகுதி மட்டும் கிழமைக்கு ஒரு தடவை மாறுகிறது. பாருக்கு நான்கு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரை போட்டுப் பார்த்துவிட்டேன். திருத்தத் திருத்தக் கெடுகிறதோ என்று பயமாக இருக்கிறது. ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

மூன்று தடவை கேட்டேன். மெட்டு கெடவில்லை, கோர்ட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. கிற்றாரைக் கீழே வைத்துவிட்டுப் பிரிட்ஜை வாயால் பாடிப் பாருங்கள். நான் பாடினேன், மூன்றாவது பாரில் மூச்சு வாங்க இடம் கிடைக்கவில்லை. கோயில் வீதியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு நாம் இதை மறக்கக் கூடாது. கம்பிக்கு மூச்சுத் தேவையில்லை என்பதால் கிற்றார்காரருக்கு வருகிற வியாதி இது.

ஐந்தாவது பாரிலிருந்து உங்கள் கோர்ட்டுகளை எல்லாம் உரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற பழைய வரிசைதான். அதை நான்காம், மூன்றாம் தந்திகளில் மட்டும் வாசியுங்கள். முதலில் நான்காம் தந்தியில் மூன்றாம் கட்டை (கிற்றார் கழுத்தின் பிரெற்), மூன்றாம் தந்தியில் ஐந்தாம் கட்டை. ஜி 7 வரும்போது மூன்றாம் தந்தியின் விரல் மட்டும் நான்காம் கட்டைக்கு இறங்கும். சி மேஜருக்கு அது அப்படியே நிற்க, நான்காம் தந்தியின் விரல் இரண்டாம் கட்டைக்கு இறங்கும். மூன்று கோர்ட்டுக்கும் இரண்டிரண்டு ஸ்வரம் போதும். அடித்தள ஸ்வரத்தை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். அதன் மேல் உங்கள் மெட்டு தனியே நின்றால், பிறகு ஒவ்வொரு ஸ்வரமாகச் சேர்க்கலாம்.

மின்சாரமில்லாத தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட கசற் ஒன்றில்தான் அமெரிக்க ஜாஸ் கிற்றார் கலைஞர் வெஸ் மொன்ற்கொமெரி எனக்கு அறிமுகமானார். மிதிப்பது தளர்ந்தால் சுருதியும் இறங்கும். அந்தக் கோணல் ஒலியிலும், பெருவிரலால் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து அவர் வாசித்த மெட்டு தெளிவாகக் கேட்டது.

இன்னொன்று, ஜாஸில் எழுதிய மெட்டு முடிந்த பிறகும் அதே 32 பார் திரும்பத் திரும்பச் சுழலும். அதன் மேல்தான் ஒவ்வொருவரும் தம் கற்பனையை வாசிப்பார்கள். பாருக்கு நான்கு கோர்ட் வைத்தால், வாசிப்பவர் கோர்ட்டைத் துரத்துவாரே தவிர எதையும் சொல்லமாட்டார். என்னுடைய மெட்டு ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. நண்பர் ஒருவர் பிரிட்ஜ் வந்தபோதெல்லாம் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவருக்குப் பயிற்சி போதாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இனித் திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, திகதியிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள், பழையதை அழிக்காதீர்கள். ஒரு கிழமை கழித்து இரண்டையும் கேளுங்கள்.

ஆனால் ஆறாவது பாரில் ஜி 7க்குப் பதிலாக நீங்கள் வைத்த டி பிளற் 7ஐ எடுத்துவிடாதீர்கள். மேலே ஜி 7க்குச் சொன்ன அதே இரண்டு ஸ்வரங்கள் அதிலும் இருக்கின்றன. கீழே அடித்தளம் மட்டும் டி, டி பிளற், சி என்று அரை அரை ஸ்வரமாக இறங்குகிறது. அந்த இடத்தை நான் நான்காவது தடவையும் கேட்டேன்.