பல்லுக்குக் கிளிப் போட்டால் பிள்ளையின் சிரிப்பு எவ்வளவு மாறும்?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மேல் முன்பற்கள் தூக்கலாக இருக்கின்றன. கிளிப் போட்டால் சிரிப்பு எந்த அளவுக்கு மாறும்? முகமே மாறிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இப்போதே போடலாமா?

நன்றாகவே மாறும். எல்லோரும் பல்வரிசையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் உங்கள் மகளின் உதட்டைக் கவனியுங்கள். என் மூத்த மகளுக்கு 12 வயதில் கிளிப் போட்டோம். இளையவனைக் கூட்டிக்கொண்டு போனபோது, அதே டாக்டர் "இப்போ ஒண்ணும் வேண்டாம், போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த இரண்டு பிள்ளைகளிடம் பார்த்ததையும், மாதாமாதம் டாக்டரைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

மூத்தவளுக்கு மேல்பல் கீழ்ப்பல்லைவிட 8 மில்லிமீட்டர் முன்னால் நின்றது. 2, 3 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரணம். சும்மா டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாய் திறந்தே இருக்கும். "வாயை மூடிக்கிட்டு இருடி" என்று என் மாமியார் நாளுக்குப் பத்து தடவை சொல்வார். சொன்னால் மூடுவாள், ஆனால் மூடும்போது மோவாயில் தோல் சுருங்கிக் குட்டிக் குட்டியாகக் குழி விழும். டாக்டர் முதலில் பார்த்ததே அந்தக் குழியைத்தான். உதடு தானாகச் சேரவில்லை, பிள்ளை தசையை இழுத்துப் பிடித்துச் சேர்க்கிறாள் என்றார். அதோடு கீழுதடு மேல்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ள மேல்பல் இன்னும் வெளியே வரும். பிள்ளை வேண்டுமென்று வாயைத் திறந்து வைப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

கிளிப் என்ன செய்கிறது? பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. இப்படி மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். அதனால்தான் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிறது. இறுக்கிக் கட்டி ஆறு மாதத்தில் முடிக்க முடியாது. முதலில் போடுவது நிக்கல் டைட்டானியம் கம்பி. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், போகிற வழியில் பல்லையும் கூட்டிக்கொண்டு போகும். வரிசை ஓரளவு நேரானதும் தடித்த எஃகுக் கம்பிக்கு மாறுவார்கள்.

முகம் மாறிவிடும் என்ற பயம் பெரும்பாலும் பல் பிடுங்குவதால் வருகிறது. என் மகளுக்குக் கீழேயும் இடநெருக்கடி இருந்ததால், கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கும் சிறு கடைவாய்ப்பல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு என்று எடுத்தார்கள். "நல்ல பல்லை எதுக்குப் பிடுங்குறீங்க, கன்னம் ஒட்டிப்போயிடும்" என்று அவள் அப்பத்தா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. கன்னம் ஒட்டவில்லை. எடுத்த இடம் நெருக்கடி தீர்வதற்கும் முன்பற்கள் பின்னால் போவதற்குமே பயன்பட்டது. பல் போகும் தூரத்தில் ஒரு பங்குதான் உதடும் பின்னால் போகும் என்பதையும் டாக்டர் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டினார். ஆனால் முகம் ஏற்கெனவே தட்டையாக, உதடு மெலிதாக இருக்கும் பிள்ளைக்கு நாலு பல் எடுப்பதற்கு முன் கட்டாயம் யோசிக்க வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்காமல், வாயைத் திறந்து பார்த்த ஐந்து நிமிடத்தில் "நாலு பல்லை எடுத்துடலாம்" என்று சொல்பவரிடம் நான் என் பிள்ளையை விடமாட்டேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள்: நடுவில் சில மாதம் சிரிப்பு முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். பல் எடுத்த இடம் கோரைப்பல் பக்கத்தில் கறுப்பாகத் தெரியும். கம்பியின் தடிமனால் உதடு இன்னும் கொஞ்சம் தூக்கும். என் மகள் அந்தச் சமயத்தில்தான் தாராளமாகப் பல் தெரியச் சிரித்தாள், அது வேறு கதை. வகுப்பில் பாதிப் பேர் கிளிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும், பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டில் மாட்டும் குட்டி ரப்பருக்கு என்ன நிறம் என்பதில் போட்டி. தீபாவளிக்குச் சிவப்பும் பச்சையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதுவரை போட்டோ என்றால் கையைக் கொண்டுபோய் வாயருகில் வைப்பவள்.

கிளிப்பை எடுத்த பிறகு நான் கண்ட மாற்றங்களைச் சொல்கிறேன். தூங்கும்போது உதடு மூடியிருக்கிறது. மோவாயில் குழி விழுவதில்லை. சிரித்தால் மேல்பல்லின் விளிம்புகள் கீழுதட்டின் வளைவை ஒட்டியே போகின்றன. அழகான சிரிப்புக்கு இதை ஓர் அடையாளமாகவே பல் டாக்டர்கள் பார்ப்பார்களாம். மாறாதவையும் உண்டு. பல்லின் நிறம் அதேதான், அகலம் அதேதான். ஈறு அதிகம் தெரியும் சிரிப்பு, மேல்தாடை எலும்பின் நீளத்தால் வந்ததாக இருந்தால் கிளிப்பால் மட்டும் முழுவதும் சரியாகாது. இதையெல்லாம் முதலிலேயே கேட்டுக்கொண்டால் கடைசியில் ஏமாற்றம் இருக்காது.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். 9 வயதில் பாதி பால் பல், பாதி நிலைப்பல். முழுக் கிளிப்புக்கு இது பெரும்பாலும் சீக்கிரம். ஆனால் காட்டுவதற்குச் சீக்கிரம் இல்லை; 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. விரல் சப்பும் பழக்கம் இருக்கிறதா, மூக்கடைத்து வாயால் மூச்சு விடுகிறாளா, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாக எங்காவது கடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். கீழ்த்தாடை சிறியதாக இருப்பதால்தான் மேல்பல் தூக்கலாகத் தெரிகிறது என்றால், கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தி வைக்க 'ட்வின் பிளாக்' என்று மாட்டிக் கழற்றும் கருவி ஒன்று இருக்கிறது. அது நன்றாக வேலை செய்வது பிள்ளை கிடுகிடுவென்று உயரும் பருவத்தில். பெண் பிள்ளைகளுக்கு அது ஆண் பிள்ளைகளைவிட முன்னாலேயே வந்துவிடும், ஆகவே ரொம்பவும் தள்ளிப் போடாதீர்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரியும் கழுத்தெலும்பின் வடிவத்தை வைத்தே வளர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

சிறு வயதில் ஆரம்பித்தால் சிரிப்பு இன்னும் அழகாக வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 12, 13 வயதில் ஒரே தடவையாகச் செய்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு லாபம் மட்டும் உண்டு: பிள்ளை கீழே விழுந்தால் முதலில் உடைவது தூக்கலான பல்தான். முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே தள்ளினால் அந்த அபாயம் குறைகிறது. ஓடியாடி விழுந்து எழும் பிள்ளை என்றால் இதை டாக்டரிடம் கேளுங்கள்.

இளையவனுக்கு அப்போது 8 வயது. முன்பல் இரண்டும் சின்ன முகத்துக்குப் பெரிதாக, விளிம்பில் மேடு மேடாக, நடுவில் ஓர் இடைவெளியோடு விசிறி விரிந்து நின்றன. இவனுக்கும் செலவு காத்திருக்கிறது என்றுதான் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "இதோ பாருங்க, கோரைப்பல் ரெண்டும் மேல உட்கார்ந்து பக்கத்துப் பல்லோட வேரை நெருக்குது. அது இறங்கட்டும், இந்தச் சந்து தானா மூடிக்கும்" என்றார். மேல் கோரைப்பல் வருவது 11, 12 வயதில். 2 மில்லிமீட்டர் வரை உள்ள இடைவெளி பெரும்பாலும் இப்படி மூடிக்கொள்ளும். அவனுக்கு மூடிக்கொண்டது. காசு வாங்காமல் திருப்பி அனுப்பிய அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். நீங்கள் தயவுசெய்து செய்யக் கூடாதது, வீடியோ பார்த்துவிட்டு முன்பல் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டுவது. வேர் மேலே போகப் போகக் குறுகலாவதால் ரப்பர் ஈறுக்குள் ஏறி எலும்பை அழிக்கும். நல்ல பல்லே கழன்று விழுந்த பிள்ளைகள் உண்டு.

பால் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. "விழப்போற பல்தானே" என்று சொத்தையை அப்படியே விட்டுவிடுகிறோம். பால் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. அது முன்னாலேயே போய்விட்டால் பின்னால் இருக்கும் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக இறங்கும் கோரைப்பல் இடமில்லாமல் மேலே ஏறி நிற்கும்; தெத்துப்பல் பலருக்கு இப்படித்தான் வருகிறது. தெத்துப்பல் அழகு என்பவர்கள் நம்மிடையே நிறைய, ஜப்பானிலும் அதை அழகு என்று கருதுபவர்கள் உண்டு. எனக்கும் பிடிக்கும். பிள்ளைக்கு அது பிடித்திருந்து, சுத்தம் செய்ய முடிகிறது, கடியிலும் தொந்தரவு இல்லை என்றால் விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன்.

கிளிப் போட்ட பிறகு பாதி வேலை பிள்ளையுடையது. முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி எல்லாவற்றுக்கும் விடுமுறை; பிராக்கெட் ஒன்று கழன்றாலே சிகிச்சை நீளும். அதைவிட முக்கியம் தேய்ப்பது. எங்கள் தெருவில் ஒரு பையன் ஒழுங்காகத் தேய்க்காமலே ஓட்டிவிட்டான். கிளிப்பைக் கழற்றியபோது வரிசை பிரமாதம், ஆனால் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு பல்லிலும் சுண்ணாம்பு தடவியதைப் போல வெள்ளைத் தழும்பு. சிரித்தால் இப்போது அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. பிராக்கெட்டுகளுக்கு இடையில் விட்டுத் தேய்க்கக் குட்டி பிரஷ் மருந்துக் கடையிலேயே கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். பி.டி.எஸ். முடித்துப் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையைக் கடிக்கும் என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். சென்னையிலும் சிதம்பரத்திலும் இருக்கின்றன. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். காத்திருக்க வேண்டும், ஆனால் செலவு குறைவு.

அப்புறம் ரிட்டெய்னர், அதாவது நேரான பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் கருவி. கம்பி எடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஈறில் இருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதன் பிறகும் இரவில் போடச் சொல்வார்கள். சாப்பிடும்போது கழற்ற வேண்டியிருப்பதால் தொலைவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். என் மகள் ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்து, பாயசம் முடிந்ததும் இலையோடு மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நானும் அவள் சித்தியும் பட்டுப்புடவையோடு எச்சில் இலைக் கூடையைக் கிளறியும் கிடைக்கவில்லை, புதிதாக அளவெடுத்துத்தான் செய்தோம். டப்பாவை இரண்டாக வாங்கி, ஒன்றை அவள் பையிலும் ஒன்றை உங்கள் கைப்பையிலும் வைத்துவிடுங்கள்.