ஜீப் வாடகை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ‘காட்பாதர்’ படத்தை நான்கு முறை பார்த்துவிட்டு இப்போது நாவலை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கிறேன். அதில் வரும் மாஃபியா தலைவர் டான் விட்டோ கார்லியோன் அதிகாரத்தைக் கையாளும் விதம் என்னை உலுக்கிவிட்டது. மனதில் இருப்பதை வெளியாளிடம் காட்டுவதில்லை. போதைமருந்தில் கொள்ளைப் பணம் வரும் என்றாலும் தொடமாட்டேன் என்கிற அந்த அறம் பிடித்திருக்கிறது. கேட்டவருக்கு இல்லை என்னாமல் உதவுகிறார், அதனால் அவருக்காக எதையும் செய்ய நூறு பேர் இருக்கிறார்கள். நானும் இரண்டு பையன்களுக்கு எங்கள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். இன்று அவர்கள் எனக்காக எதையும் செய்வார்கள். நம் பக்கத்துக் காட்டை ஆண்டவரிடமும் இந்தக் குணங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். என் கேள்வி இதுதான்: பிழைத்திருக்க டானின் வழி சாதாரண மனிதனுக்கும் உதவுமா? இந்த நாவலைத் தமிழில் படிக்கலாமா?

ஒரு வாசகன் (பெயர் வேண்டாம் அண்ணா)

அன்புள்ள தம்பி,

போன வாரம் தருமபுரி நாலு ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் பார்த்தேன். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குப் பிறந்தநாள். வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி, கும்பிட்ட கை. கீழே ‘வாழும் அதியமானே’ என்று போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற அரை மணி நேரமும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். காட்டை ஆண்டவரை இதில் இழுக்காதீர்கள். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அவர் கதை முடிந்தது. அதற்கு முன்னால் ‘அவனுக்கு அரிசி கொடுத்தியா’ என்று ஒரு பக்கமும், ‘போலீசுக்குச் சொன்னியா’ என்று இன்னொரு பக்கமும் மாட்டிக்கொண்டு முழித்த மலைக்கிராமத்துக்காரர்களிடம் போய் அவர் குணங்களை விசாரித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

போதைமருந்து விஷயத்தில் டானிடம் அறமும் இல்லை, ஒன்றும் இல்லை. சூதாட்டம் என்றால் அரசியல்வாதிகளும் நீதிபதிகளும் கண்டுகொள்ள மாட்டார்கள், இதில் கைவைத்தால் விலகிப் போய்விடுவார்கள் என்று அவரே சொல்கிறார். அது கணக்கு. நாலு முறை பார்த்தும் இது உங்கள் காதில் விழவில்லை என்றால் பின்னணி இசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மனதில் இருப்பதை வெளியாளிடம் காட்டாதே என்பது உண்மையிலேயே நல்ல புத்தி. போதைமருந்துத் தொழிலுக்குக் கூட்டுக் கேட்டு வந்த சொலோசோ முன்னால் டானின் மூத்த மகன் சன்னி வாய்விட்டதால்தான் அப்பன் உடம்பில் குண்டு பாய்ந்தது. ஆனால் அது ஏதோ நிழலுலக ஞானம் என்று நினைக்காதீர்கள். விருந்தாளி முன்னால் உளறும்போது உங்கள் அம்மா தொடையில் கிள்ளியிருப்பாரே, அதேதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டான் வாய் திறந்தபோதெல்லாம் தன் மனதுக்குள் கேட்டது தன் அம்மாவின் குரல்தான் என்று நாவலை எழுதிய மரியோ பூசோவே எழுதியிருக்கிறார். நிஜத் தாதா ஒருவரையும் அதுவரை சந்தித்ததில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்கள் மயங்கிக் கிடப்பது பிள்ளைகளை வறுமையில் வளர்த்த ஒரு அம்மாவின் சாமர்த்தியத்தில்.

அவர் எழுதிய இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். இந்த நாவலில் இறங்கும்போது பூசோவுக்கு வயது 45. சொந்தக்காரர்கள், வங்கி, சூதாட்டத் தரகர்கள், வட்டிக்காரர்கள் என்று 20,000 டாலர் கடன். கடன்காரன் எழுதிய கதை தம்பி இது. 1969இல் வந்த நாளிலிருந்து இதைக் குற்றக் கதை, குடும்பக் கதை என்கிறார்கள். எனக்கு இது கடன் கதை.

ஆரம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945, டான் மகள் கல்யாணம். சவ அடக்கம் செய்யும் தொழில்காரர் பொனசேரா வருகிறார். மகளை இரண்டு பேர் அடித்து முகத்தைச் சிதைத்துவிட்டார்கள், நீதிமன்றம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எவ்வளவு வேண்டும் சொல்லுங்கள், தருகிறேன் என்கிறார். டானுக்குச் சுருக்கென்று தைப்பது அந்த இடம்தான். பணம் வேண்டாம், நட்பு வேண்டும், என்றாவது ஒருநாள் நான் ஏதாவது கேட்கலாம் என்கிறார். நீங்கள் அங்கே கைதட்டியிருப்பீர்கள். நானும் இருபது வயதில் கைதட்டினேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே சொல் உண்டு. ‘இருக்கட்டும்.’

காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் மாந்தோப்பு, பாதிக்கு மேல் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. எனக்கு ஏழு வயதில் தங்கை பிறந்தாள். பிறந்தாள் என்று இன்று எளிதாக எழுதுகிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மருத்துவச்சிக் கிழவி வெளியே வந்து, ‘இது என் கைல இல்ல’ என்றாள். மாட்டுவண்டியில் கிருஷ்ணகிரி போய்ச் சேர விடிந்துவிடும். அப்பா மண்டிக்காரர் வீட்டுக்கு ஓடினார். அந்த வட்டாரத்தில் ஜீப் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து, சட்டைகூடப் போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானே ஓட்டி வந்தார். ஜீப்பின் பின்பக்கம் கோணிப்பை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தார்கள். மாங்காய்ப் பால் வாடையும் டீசல் வாடையும் கலந்து அடித்ததை இன்றும் சொல்வாள். இரண்டு உயிரும் பிழைத்தன.

நாலாம் நாள் அப்பா ஒரு கூடை செந்தூராவும், மடியில் ஐம்பது ரூபாயும் எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். கூடையை வாங்கி உள்ளே வைத்தார். ரூபாயைப் பார்த்ததும் முகம் மாறியது. ‘என்ன கவுண்டரே, என்னை வாடகை வண்டிக்காரன் ஆக்கிட்டீங்க? இருக்கட்டும்’ என்றார். அப்பா கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம் ‘மனுசன்டா’ என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மாங்காய் வியாபாரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூ விடும்போதே மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். வாங்கினவன் காயை அவர் மண்டிக்குத்தான் ஏற்ற வேண்டும், அவர் சொல்வதுதான் விலை, கமிஷன் கழித்து மீதி கைக்கு வரும். ஆனால் முன்பணம் வாங்கினவனுக்கு ஒரு வசதி. சீசன் முடிந்து கணக்குப் பார்த்துவிட்டால் அடுத்த வருடம் வேறு மண்டிக்குப் போகலாம். அப்பா முன்பணமே வாங்காதவர். பக்கத்து மண்டியில் கூடக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை. கணக்கு என்று ஒன்று இருந்தால்தானே தீர்ப்பதற்கு?

தங்கை மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் மண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவி, ‘எந்த ஜீப்புல போய்ப் பொறந்த, தெரியுமா?’ என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அவள் உள்ளே ஓடியதும் அப்பாவிடம், ‘வியாழக்கிழமை சர்வேயர் வர்றார். புளியமரத்தடிக் கல்லு உங்க அப்பா காலத்துல இருந்தே அங்கதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க’ என்றார். எழுந்து போய்விட்டார்.

அந்தக் கல் முந்தின கோடையில் நட்டது. ஊருக்கே தெரியும். அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்களோடு கிணற்றில் பங்கு வைத்திருந்தவர். என்னைத் தோளில் உட்கார வைத்துத் தென்பெண்ணை வெள்ளம் காட்டியவர்.

வியாழக்கிழமை அப்பா போய்ச் சொன்னார். திரும்பி வந்து தொட்டியடியில் நின்று வெகுநேரம் கால் கழுவினார். ராத்திரி களி உருண்டையைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து நான் கேட்டதற்குச் சொன்னாள்: ‘அன்னிக்கு ஜீப்புல ஏறலன்னா செத்திருப்பன். ஏறிட்டன். எனக்காகத்தான் பொய் சொல்லிட்டு வந்திருக்கிறாரு. நான் என்னன்னு கேக்கறது?’

கிணற்றுப் பங்காளி அடுத்த வருடமே மிச்ச நிலத்தையும் அந்த மண்டிக்காரருக்கே விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அப்பா அந்த வரப்பில் அப்புறம் நடக்கவில்லை. சுற்றிக்கொண்டு போவார்.

காட்பாதரில் கடன் கேட்கும் இடம் நினைவிருக்கிறதா? சன்னியைச் சுங்கச்சாவடியில் சல்லடையாக்குகிறார்கள். (கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த ஞாபகம் வந்து தொலைக்கும்.) பொனசேராவுக்குப் போன் வருகிறது. ஏதோ கொலையை மறைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனிதர் நடுங்குகிறார். ஆனால் டான் கேட்பது, என் பிள்ளையின் முகத்தை அவன் தாய் பார்க்கும்படி சரிசெய்து கொடு என்பதை மட்டும். நமக்குக் கண்ணீர் வருகிறது. பூசோ கெட்டிக்காரர். கடனை இவ்வளவு மிருதுவாக வசூலிக்க வைத்து டானை நம்மிடமிருந்து காப்பாற்றிவிட்டார். அந்தப் போனில் வேறு எது கேட்டிருந்தாலும் பொனசேரா செய்திருப்பார். எங்கள் வீட்டில் கேட்டது எல்லைக்கல்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் எங்கே வந்தது தெரியுமா? ‘எனக்காக எதையும் செய்வார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. வேலை வாங்கிக் கொடுத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘எதையும்’ என்ன என்று அந்தப் பையன்கள் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்திருப்பார்களா என்று நீங்கள் ஒருமுறையாவது யோசித்தீர்களா? இந்த நாவலைப் படிக்கிறவர்கள் எல்லோரும் தன்னை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் படிக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனாக ஒருவரும் படிப்பதில்லை. நீங்களோ மாசச் சம்பளத்துக்காரர். நாளைக்கு உங்கள் மேனேஜர் உங்களுக்கு ஒரு ‘இருக்கட்டும்’ சொன்னால் என்ன செய்வீர்கள்?

அந்த ஃபிளெக்ஸுக்கு வருகிறேன். நம் தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைப் பற்றிப் புறநானூற்றில் ஔவையே பாடுகிறாள். கனி கிடைப்பது எவ்வளவு அரிது என்று நினைக்காமல், அதன் பலனைச் சொல்லாமல் உனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தாயே என்கிறாள். பலனைச் சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருப்பாளா? என் பேராசிரிய நண்பர் ஒருவர், ‘அதற்குக் கைம்மாறாகத்தானே தொண்டைமானிடம் தூது போனாள்’ என்று மடக்கினார். எது முன், எது பின் என்று பாட்டில் இல்லையே ஐயா என்றேன். சண்டை இன்னும் முடியவில்லை. எப்படியானாலும் கொடுத்ததை அதியமான் ஃபிளெக்ஸ் வைத்துச் சொல்லவில்லை.

ஆமாம், உங்கள் கேள்வி. டானின் வழி பிழைத்திருக்க உதவுமா? உதவும், மண்டிக்காரர் எண்பத்திரண்டு வயது வரை இருந்தார். தமிழில் தேடவேண்டாம், எளிய ஆங்கிலம்தான், அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடியுங்கள். அந்தப் பையன்கள் முதல் சம்பளத்தில் ஒரு சட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சீசன் முடிவதற்குள் காவேரிப்பட்டணம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அம்மா பழம் கொடுத்தனுப்புவாள். கட்டைப்பையை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள் தம்பி. பை வந்து சேரும்வரை தினமும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அன்புடன்,
அண்ணன்