நம்ம ஆட்களே நடத்தும் சமூக வலைத்தளங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாசகர்கள் மாஸ்டடான், பியர்டியூப் மாதிரியானவை பற்றிக் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாஸ்டடான் ட்விட்டர் மாதிரி, பியர்டியூப் யூடியூப் மாதிரி; ஆனால் ஒரே கம்பெனி இல்லாமல், பலர் அங்கங்கே சொந்த சர்வர்களில் (கணக்குகளும் பதிவுகளும் இருக்கும் கணினிகளில்) நடத்துகிறார்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மாஸ்டடானில் கணக்கு தொடங்கினேன், உள்ளே போனால் வெறிச்சோடிக் கிடக்கிறது. எந்த சர்வரில் சேர்வது என்றும் புரியாமல் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டேன். (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

தம்பி, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எதைக் காட்டினால் இன்னும் பத்து நிமிஷம் உட்காருவீர்கள் என்று கணக்குப் போட்டு ஊட்டிவிட ஒரு கம்பெனி இல்லை, அதனால்தான் காலியாகத் தெரிகிறது. நீங்கள் பின்தொடர்கிறவர்கள் எழுதியது எழுதிய நேர வரிசையில் வரும், அவ்வளவுதான். அதனால் முதல் வாரம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆட்களைப் போலவே ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம் (2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது), தமிழ் எழுத்திலேயே #தமிழ், #புதுச்சேரி என்று தேடிப் பின்தொடருங்கள். அப்புறம் நீங்களும் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பதில் போடுங்கள். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பவரை அங்கே யாருக்கும் தெரியாது.

சர்வர் எதுவானாலும் அடுத்த சர்வர்க்காரரோடு பேசலாம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அங்கீகரித்த ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில்தான் (சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறை) எல்லாம் ஓடுகிறது. மாஸ்டடானை 2016-ல் ஜெர்மனியில் தொடங்கியவர் ஆய்கன் ரோச்கோ, ஆனால் மென்பொருள் கட்டற்றது, யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவலாம். சேரும் முன் அந்த சர்வரின் 'அறிமுகம்' பக்கத்தைத் திறந்து நடத்துவது யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன என்று பாருங்கள். இந்த மூன்றும் எழுதாத சர்வரில் நான் சேரமாட்டேன்.

பழைய இடத்தில் என் படங்களை எடுத்து வம்பு பண்ணினார்கள். இங்கே பாதுகாப்பா? தனிச்செய்தி தனியாகவே இருக்குமா? (ஆசிரியை, முத்தியால்பேட்டை)

முதலில் இரண்டாவது கேள்வி. இல்லைம்மா, இருக்காது. மாஸ்டடானின் தனிச்செய்தி பூட்டப்பட்டது அல்ல, சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும், நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்களோ அவருடைய சர்வர் அட்மினும் படிக்க முடியும். 2023 மே மாதம் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற சர்வரின் அட்மின் வீட்டில் வேறு ஒரு வழக்குக்காக எஃப்.பி.ஐ. சோதனை போட்டபோது அங்கே இருந்த தரவுத்தளத்தின் நகலும் சேர்ந்து போய்விட்டது. அந்தரங்கமான பேச்சுக்கு சிக்னல் செயலியைப் பயன்படுத்துங்கள்.

வம்பு விஷயத்தில் நிலைமை மேல். ஆளை மட்டும் இல்லை, அந்த ஆள் இருக்கும் சர்வரையே உங்கள் கணக்கிலிருந்து மொத்தமாகத் தடுக்கலாம். உங்கள் அட்மின் மனசு வைத்தால் சர்வரில் உள்ள எல்லோருக்குமாகத் தடுத்துவிடுவார், 2019-ல் கேப் என்ற வெறுப்புக் கும்பலின் தளம் மாஸ்டடானுக்கு மாறி வந்தபோது ஏராளமான சர்வர்கள் அப்படித்தான் கதவைச் சாத்தின. நீங்கள் அனுமதித்தால் ஒழிய உங்கள் பதிவுகள் மாஸ்டடானின் பொதுச் சொல் தேடலில் சிக்காது, ஹேஷ்டேக் போட்டால் மட்டும் அதன் வழியே கிடைக்கும். ஆனால் ஒருமுறை பொதுவில் போட்ட படத்தை அழித்தால், 'அழித்துவிடுங்கள்' என்ற செய்திதான் மற்ற சர்வர்களுக்குப் போகும், எல்லாரும் கேட்பார்கள் என்று உறுதி கிடையாது. குழந்தைகள் படத்தைப் பொதுவில் போடவே வேண்டாம்.

த்ரெட்ஸ், புளூஸ்கை எல்லாம் இதில் சேர்த்தியா? (நெய்வேலி)

பாதி பாதி. த்ரெட்ஸ் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுடையது, 2023 ஜூலையில் வந்தது. அதில் இருப்பவர் விருப்பப்பட்டு ஆன் செய்தால் அவர் பதிவை மாஸ்டடானிலிருந்து படிக்கலாம், இதை விரும்பாத சர்வர்கள் த்ரெட்ஸை மொத்தமாகத் தடுத்தும் வைத்திருக்கின்றன. புளூஸ்கை 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தது, வேறு நெறிமுறை. சொந்த சர்வரில் உங்கள் தரவை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலோர் கணக்கு அந்த ஒரு கம்பெனி சர்வர்களில்தான். பழகுவதற்கு சுலபம் என்பது உண்மை. ஊர் ஆட்கள் கையில் சாவி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் மாஸ்டடான் பக்கம்.

எங்கள் மீனவர் குழுவில் ஆயிரம் பேருக்கு மேல் வாட்ஸ்அப்பில் இடம் இல்லை, அட்மினும் வெளிநாடு போய்விட்டார். புயல் நேரத்துக்கு நாங்களே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாமா? (தேவனாம்பட்டினம்)

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய யோசித்தேன். உங்களுக்கு இது புதுசு இல்லை அண்ணே. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லேயே புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் படித்தார்கள். மையத்தை நடத்தியது ஊர் ஆட்கள். 2004 டிசம்பர் 26 காலை நல்லவாட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் போன் போட்டு சுனாமி பற்றிச் சொல்ல, ஆட்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் மைக்கில் கத்தினார்கள். ஊர் காலியானது, உயிர்கள் தப்பின.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பூட்டிய கதவு. உடைக்க முடிந்ததால் சரியாய்ப் போச்சு. கம்பெனி சர்வரின் கதவை உங்களால் உடைக்க முடியாது, அட்மின் துபாயில் இருந்தால் வாட்ஸ்அப் குழுவின் கதவும் அப்படித்தான். அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது, குழுவில் ஊரில் இருக்கும் நாலு பேரை அட்மின் ஆக்கச் சொல்வது. ஒரு பெண்ணாவது அதில் இருக்கட்டும், ஆண்கள் கடலுக்குப் போன நேரத்தில் கரையில் இருப்பவர் அவர்தான்.

சர்வர் வைக்கலாம், ஆனால் புயலுக்காக மட்டும் என்றால் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அப்படிப்பட்ட நேரத்தில் கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்தால் எந்த சர்வரும் உதவாது. மைக் செட்டும் பேட்டரியும்தான் கை கொடுக்கும். மீன் விலை, பஞ்சாயத்து அறிவிப்பு, காணாமல் போன படகு என்று தினசரிப் புழக்கத்துக்குச் சர்வர் வைத்தால் அது உயிரோடு இருக்கும்.

சரி, செலவு எவ்வளவு? சட்டச் சிக்கல் வருமா? (நெல்லிக்குப்பம்)

ஐம்பது நூறு பேருக்கு என்றால் வாடகை சர்வர் மாதம் சில நூறு ரூபாயிலிருந்து ஒன்றிரண்டாயிரம் வரை ஆகும். டிஸ்க்தான் கடிக்கும். மற்ற சர்வர்களின் படங்களும் உங்கள் டிஸ்க்கில் வந்து உட்காரும், பழையதை அவ்வப்போது கழிக்க வேண்டும். பேக்கப் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும், அதை எடுத்து மீட்டுப் பார்த்திருக்கவும் வேண்டும்.

பணத்தைவிட ஆள்தான் கஷ்டம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஆபாசப் பதிவு பற்றிப் புகார் வந்தால் யார் பார்ப்பது? மாஸ்டடான் டாட் லால் சர்வரை நடத்தியவர் தாங்க முடியாமல் 2023-ல் மூடினார், நல்ல மனிதர், மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டு மூடினார். ஒற்றை ஆளாக ஆரம்பிக்காதீர்கள், கடவுச்சொல் மூன்று பேரிடமாவது இருக்கட்டும். இந்திய அரசின் 2021 ஐ.டி. விதிகளில் பெரிய தளங்களுக்கான கூடுதல் கட்டுப்பாடுகள் 50 லட்சம் பயனர்களுக்கு மேல்தான், ஆனால் புகார் அலுவலர் சிறிய தளத்துக்கும் உண்டு, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போடுங்கள், ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள். டொமைன் (தளத்தின் முகவரி) வாங்கும்போது கண்ட நாட்டின் எழுத்துகளில் முடிவதை வாங்காதீர்கள்: குவீர் டாட் ஏ.எஃப். என்ற சர்வரின் பெயரை 2024-ல் தாலிபான் ஆட்சி முடக்கியது, ஏ.எஃப். ஆப்கானிஸ்தானுடையது என்பதால். உதவிக்குப் புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம்., விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யூ.ஜி. என்று கட்டற்ற மென்பொருள்காரர்கள் இருக்கிறார்கள், போய்ப் பேசுங்கள்.

யூடியூபில் எங்கள் தெருக்கூத்து வீடியோவுக்கு யாரோ காப்பிரைட் கேட்டு எடுக்க வைத்துவிட்டார்கள். பியர்டியூபில் போடலாமா? (பாகூர்)

போடுங்கள். பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கியது அது. ஒரே நேரத்தில் நிறைய பேர் பார்த்தால், பார்ப்பவர்களின் கருவிகளே துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும், சர்வர் மூச்சுத் திணறாது. விளம்பர வருமானம் கிடையாது, விடிய விடிய நடக்கும் கூத்தை முழுதாக ஏற்ற பல சர்வர்களில் இட வரம்பு விடாது. அதனால் யூடியூபில் துண்டு, பியர்டியூபில் முழுசு, அசல் கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க் இரண்டில். தவறான புகார் என்றால் யூடியூபிலேயே எதிர்மறுப்பும் கொடுங்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சர்வர் மூடினால் எல்லாம் போச்சா? (திருப்பாதிரிப்புலியூர்)

பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே புதிய கணக்குக்கு மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் தானாக வந்துவிடுவார்கள், பழைய பதிவுகள் வராது. சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனால் அவர்களும் வரமாட்டார்கள். எனவே அமைப்புகளில் 'இறக்குமதி, ஏற்றுமதி' பகுதிக்குப் போய், நீங்கள் பின்தொடர்பவர்கள் பட்டியலையும் தடுத்தவர்கள் பட்டியலையும் சி.எஸ்.வி. கோப்பாக (எக்செலில் திறக்கும் பட்டியல்) இறக்கி வையுங்கள். பதிவுகளின் முழுத் தொகுப்பையும் அங்கேயே கேட்கலாம், தயாரானதும் மெயில் வரும்.