மலையில் திணறும் சிறுவர் குவாட் பைக்: பாகங்களை வீட்டிலேயே பூட்டியவர் கவனிக்க வேண்டியவை

கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், பன்னிரண்டு வயது மகனுக்காக 110 சிசி குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஒன்றை வரவழைத்து, இரும்புச் சட்டத்தில் வந்த பொதியைப் பிரித்து, பாகங்களை வீட்டிலேயே பூட்டியிருக்கிறார். காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரை அழுத்தினால்தான் இன்ஜின் உயிர் பெறுகிறது; வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை அழுத்தினால் கரும்புகை விட்டுத் திணறுகிறது; ஏற்றத்தில் இழுப்பதே இல்லை; சமதளத்தில் ஹேண்டில் இடப்பக்கம் ஓடுகிறது. விற்றவரைக் கேட்டதற்கு, த்ராட்டிலில் உள்ள வேகக் கட்டுப்பாட்டுத் திருகைக் கழற்றிவிட்டால் வண்டி இழுக்கும் என்றாராம். அப்படிச் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி.

செய்ய வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தும் அந்த நெம்பு எவ்வளவு தூரம் நகரலாம் என்பதைத்தான் அந்தத் திருகு வரையறுக்கிறது. இப்போது அது அனுமதிக்கும் அளவிலேயே இன்ஜின் கரும்புகை விடுகிறது என்றால், பெட்ரோல் ஏற்கெனவே மிகுதியாகப் போகிறது என்று பொருள். திருகைக் கழற்றினால் பழுது அப்படியே இருக்கும். குழந்தையைக் காக்கும் ஏற்பாடு மட்டும் போய்விடும். நாளை, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரைச் சரிசெய்தபின் அதே வண்டி, பையன் எதிர்பாராத வேகத்தில் சீறும். ஆகையால் திருகு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இன்ஜினைத் தொடுவதற்கு முன் ஒருமுறை ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். தொழிற்சாலையில் பூட்டி வந்த போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது பெரும்பாலோரின் வழக்கம். நீங்கள் மாட்டிய சக்கரங்களையும் ஹேண்டிலையும் போலவே, அவர்கள் மாட்டிய அச்சு நட்டுகள், முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான டை ராடுகளின் முனைகள், ஷாக் அப்சார்பர் போல்ட்டுகள், இன்ஜின் தாங்கிகள் அனைத்தையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சோதித்தாக வேண்டும். சக்கர நட்டுகளின் கூம்பு முகம் ரிம்மை நோக்கி இருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கோட்டைச் சுவர்போல் வெட்டுகள் கொண்ட பெரிய நட்டும், அதன் குறுக்கே நுழைந்து இரு கால்களும் மடக்கப்பட்ட ஸ்பிளிட் பின்னும் தெரிய வேண்டும். பின் இல்லாவிட்டாலோ, கால்கள் மடக்கப்படாமல் இருந்தாலோ, புதுப் பின் போடும் வரை வண்டி ஓடக்கூடாது.

இன்ஜின் ஆயிலையும் அப்போதே பாருங்கள். இத்தகைய வண்டிகள் சில ஆயில் இல்லாமலும், சில போக்குவரத்துக்காக ஊற்றிய சிறிதளவு ஆயிலுடனும் வருகின்றன. இந்த அளவு இன்ஜினுக்குப் பொதுவாக ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். ஊற்ற வேண்டிய சரியான அளவும் தரமும் கையேட்டில் இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாததை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பொத்தானை அழுத்தியும் ஸ்டார்ட்டரே சுழலவில்லை என்றால் பிரேக் நெம்பு பிடிக்கப்பட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா, பேட்டரியில் போதிய மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழன்றும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஹேண்டிலில் உள்ள, இன்ஜினை உடனே நிறுத்தும் சிவப்பு கில் சுவிட்ச், பின்புறம் செருகும் பாதுகாப்புக் கயிறு, பெட்ரோலைத் திறந்து மூடும் காக், பிளக் மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி இரண்டாவது வகை. அதோடு பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். அமிலம் தனியாக வந்து நீங்களே ஊற்றிய பேட்டரி என்றால், அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் முதல் சார்ஜை முழுமையாக ஏற்றியிருக்க வேண்டும்; ஊற்றியவுடன் வண்டியில் மாட்டியிருந்தால் அது தன் முழுத் திறனை எட்டியிருக்காது. மார்கழி, தை மாதக் குளிரில் எந்த பேட்டரியின் வலுவும் குறையும் என்பதால், சமவெளியில் சமாளித்துக்கொள்ளும் குறை மலையில் வெளிப்பட்டுவிடுகிறது.

இனி முக்கியமானதற்கு வருவோம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கோத்தகிரியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எனவே ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் நுழையும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. எரிபொருள் ஊசி முறையில் ஓடும் புது பைக்குகளில் சென்சார்கள் இதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். சிறுவர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது எளிய கார்புரேட்டர். அதில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகமான ஜெட், தாழ்வான ஊர்களுக்கு ஏற்பத் துளையிடப்பட்டது. காற்று குறைந்ததை அறியாமல் அது பெட்ரோலை ஏறக்குறைய முன்போலவே விடுகிறது. கரும்புகை, திணறல், ஏற்றத்தில் சோர்வு மூன்றுக்கும் இதுவே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

உறுதி செய்துகொள்ள ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வண்டியைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, ஆறியபின் கழற்ற வேண்டும். பீங்கான் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் உலர்ந்த கரித்தூள் முனை முழுவதும் படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தாலும் உடனே கார்புரேட்டரைப் பிரித்துவிட வேண்டாம். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் நெம்பு தவறுதலாக மூடிய நிலையிலேயே விடப்பட்டிருக்கிறதா, ஏர் ஃபில்டரின் வாயில் பொதி கட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதா, ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலையே இல்லாத ஊரிலும் இந்த மூன்றும் இதே கரும்புகையை உண்டாக்கும்.

அவை சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் கார்புரேட்டரின் ஊசியைச் சரிசெய்ய வேண்டும். த்ராட்டில் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திறந்திருக்கையில் பெட்ரோலின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த ஊசி; மெயின் ஜெட்டின் ஆட்சி முழுதாக வருவது முக்கால் பங்குக்கு மேல்தான். உங்கள் மகனுடைய வண்டியில் திருகு நெம்பைப் பாதியில் நிறுத்துகிறது என்றால், அவன் ஓட்டுவதெல்லாம் ஊசியின் எல்லைக்குள்தான். இன்ஜின் ஆறியிருக்கையில், திறந்த வெளியில், பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி எடுத்தால் கேபிளோடு, காற்று வழியைத் திறந்து மூடும் சிலைடும் அதனுள் ஊசியும் வெளியே வரும். ஊசியின் தலைப்பகுதியில் சில மெல்லிய பள்ளங்களும், அவற்றில் ஒன்றில் ஒரு சிறு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி அவ்வளவு கீழே இறங்கி, பெட்ரோல் குறையும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள், கிளிப் தெறித்தால் கண்டெடுப்பது கடினம். திரும்பப் பூட்டும்போது சிலைடில் உள்ள காடி அதற்குரிய ஆணியில் சரியாக உட்கார வேண்டும். பூட்டியபின் நெம்பை அழுத்தி விட்டால் சிலைடு தானாகத் திரும்பி மூடிக்கொள்கிறதா என்பதை இன்ஜினை இயக்குவதற்கு முன்பே பாருங்கள். சிலைடு சிக்கிக்கொண்ட வண்டி, விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு பள்ளம் மாற்றி ஓட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தை மறுபடி பார்த்தபிறகே அடுத்த பள்ளத்துக்குப் போக வேண்டும். ஊசியில் ஒரே பள்ளம்தான் இருக்கிறது என்றால், ஓரிரு எண் சிறிய மெயின் ஜெட் வாங்கி மாற்றலாம்; இதை மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவரிடம் விடுவது நல்லது. கழற்றிய ஜெட்டைப் பத்திரப்படுத்துங்கள். என்றாவது வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் பழைய ஜெட்டை மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். எல்லாம் சரியானபின்னும் கடல்மட்டத்தில் கிடைக்கும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறையவே செய்யும், அதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை.

ஹேண்டில் இழுப்பதற்கு முதலில் டயர்களைச் சந்தேகியுங்கள். இவற்றுக்கு வேண்டிய காற்று மிகக் குறைவு, பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரைதான். பெட்ரோல் பங்கில் உள்ள அளவி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்த அளவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சமவெளியில் காற்றடைத்த டயர் மலைக்கு வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். காருக்கு இது ஒன்றுமில்லை. 4 பிஎஸ்ஐ வேண்டிய டயருக்கு இது பெரிய வேறுபாடு. இத்தகைய வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் பெரும்பாலும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுழல்பவை, ஆகவே இடது வலது டயர்களின் சுற்றளவு சிறிது வேறுபட்டாலும் வண்டி ஒரு பக்கம் ஓடும். டேப்பால் சுற்றளவை அளந்து சமப்படுத்துங்கள். அதன்பின்னும் இழுத்தால் முன்சக்கரங்களின் டை ராடுகளைக் கையேட்டின் அளவுக்குத் திருத்த வேண்டும்.

ஓட்டும் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகள் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு செய்யப்படுபவை அல்ல. பதினெட்டு வயது நிரம்பாதவர் பொதுச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையே பொறுப்பாக்குகிறது. 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். தோட்டத்துக்குள்ளும் சரிவின் குறுக்கே ஓட்ட விடாதீர்கள், வண்டி கவிழ்வது அங்கேதான். கவாத்து செய்த செடிகளின் கூரிய முனைகளும் வடிகால் வெட்டுகளும் இல்லாத சமமான இடத்தைத் தேர்ந்து, முகம் முழுதும் மறைக்கும் ஹெல்மெட்டுடன், பெரியவர் ஒருவர் பார்வையில், பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டட்டும். வண்டியில் ஒட்டியுள்ள வயது வரம்புச் சீட்டைப் படியுங்கள். பதினாறுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதை ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் நிலைப்பாடு. பன்னிரண்டு வயதில் ஓட்ட விடுவதா என்பதை அதையும் அறிந்தபின் முடிவு செய்யுங்கள்.

ஐப்பசி மழையில் வண்டி சில வாரம் சும்மா நிற்கப்போகிறது என்றால், பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி உள்ளிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால், அடியில் தனிப்படலம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் டேங்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கையேடு சொல்லும் முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள், புது இன்ஜினின் உலோகத் துகள் அந்த ஆயிலோடுதான் வெளியேறும். அன்றைக்கே எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.