மாலை போடுங்கள், கணக்கும் கேளுங்கள்

கேள்வி: எங்கள் பக்கத்து வெளிநாட்டுக் கம்பெனி, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டி, ஆர்.ஓ. பிளாண்டும் வைத்துக் கொடுத்திருக்கிறது. கம்பெனிக்காரர்களுக்கு மாலை போட்ட திறப்பு விழா அன்றே சில இளவட்டங்கள் ‘ஆற்றுத் தண்ணியை உறிஞ்சிட்டு குடத்துத் தண்ணி கொடுக்கான்’ என்று பேசினார்கள். கொடுத்தவனைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் இல்லையா? உலகம் முழுக்க வியாபாரம் செய்கிறவனிடம் நியாயம் கேட்டால் நடக்குமா?
- ஒரு வாசகர், மானூர்

பதில்: மாலை போட்டது சரி அண்ணாச்சி, அது நம்ம ஊர் மரியாதை. ஆனால் அந்தக் கம்பெனி மனமிரங்கிக் கொடுத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, ஒரு வருடத்தில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, அல்லது விற்றுமுதல் 1,000 கோடியைத் தொட்டாலே, முந்தைய 3 வருடங்களின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்தியக் கிளைகளுக்கும் இது உண்டு. செலவழிக்காவிட்டால் 2021 முதல் அபராதமும் இருக்கிறது. தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, உங்கள் ஊருக்கு வந்தது பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்த பணமாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் எதையெல்லாம் எழுதக் கூடாது என்ற பட்டியலைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் செய்கிற நன்மை சேராது. வேறு சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலை சேராது. விளம்பர லாபத்துக்காகக் கொடுக்கிற ஸ்பான்சர் பணமும் சேராது. அதாவது காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒழுங்கான கூலி, பி.எஃப்., கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவது எல்லாம் அந்த 2 சதவீதத்துக்கு வெளியே நிற்கிற கடமைகள். கழிப்பறையைக் காட்டி அந்தக் கேள்விகளிலிருந்து நழுவ முடியாது.

உங்கள் இளவட்டங்களின் கோபத்துக்கு நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே காரணம் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் பெப்சி, கோக் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிறுத்தி வைத்தது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாகி மறுபடி தண்ணீர் போனது. அப்போது பேசப்பட்ட விலை 1,000 லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. பாட்டில் தண்ணீர் விலை தெரிந்த யாருக்கும் வயிறு எரியும். விலை வைத்தது அரசாங்கம், கம்பெனி கேட்ட பணத்தைக் கட்டியது, சட்டப்படி குற்றம் இல்லை. சரி. ஆனால் அந்த 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் கிடந்தது. ஆறு வற்றுகிற வருடத்தில் யாரும் சொல்லாமலே தன் குழாயைக் கொஞ்சம் மூடுகிற கம்பெனி எதுவோ அதற்கு நானே வந்து மாலை போடுவேன். உபரித் தண்ணீர்தான் கொடுக்கிறோம் என்று அரசு சொன்னதைக் கடைமடை விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் பதிலை இங்கே அச்சடிக்க முடியாது.

அடுத்து, நடக்குமா என்று கேட்டீர்கள். தூத்துக்குடி நம் ஜில்லாவோடு இருந்த காலத்தில், 1908-இல் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் நடந்து, கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தன. முதலாளி நல்ல மனதோடு கொடுத்ததில்லை அது.

முதலாளியும் ஆடிட்டரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியைப் பாருங்கள். 2012 செப்டம்பரில் அங்கே அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ.8000 சர்வதேசச் சான்றிதழ் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கிடைத்திருந்தது! நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் மில்லுக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போகிறார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்று என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து நிறுத்துவதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு மாற்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, 2022-இல் ஆலை முதலாளியும் பெண்கள் தலைமை ஏற்ற தொழிற்சங்கமும் ஹெச் அண்ட் எம், கேப் போன்ற பையர்களும் கையெழுத்துப் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம். பாலியல் தொல்லையை ஆலை தடுக்காவிட்டால் ஆர்டரிலேயே அடி விழும் என்று அதில் எழுதிக்கொண்டார்கள். தொழிலாளியும் அந்தக் காகிதத்தில் ஒரு தரப்பு என்பதால்தான் அதற்குப் பலம்.

ஆகவே இளவட்டங்களைத் திட்டாமல் ஒரு வேலை கொடுங்கள். கம்பெனி தன் சமூகப் பொறுப்புத் திட்டங்களின் விவரத்தை இணையதளத்தில் போட்டாக வேண்டும். மத்திய அரசின் தளத்தில் மாவட்டவாரிச் செலவும் இருக்கிறது. இரண்டையும் எடுத்து அடுத்த கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். கூடவே கம்பெனி ஒரு நாளைக்கு எடுக்கிற தண்ணீர் எவ்வளவு என்றும் கேட்டு எழுதட்டும். அப்புறம் அந்த ஆர்.ஓ. பிளாண்ட்: ஃபில்டரும் மெம்பரேனும் மாற்றுகிற செலவு எத்தனை வருடத்துக்கு யாருடையது என்று எழுதி வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால், அது பஞ்சாயத்துத் தலையில் விழுவதற்குள் போய்க் கேட்டுவிடுங்கள்.