பள்ளி மேலாண்மைக் குழு: நோட்டில் எழுதியது ஏன் நடப்பதில்லை?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் கேட்டவையும் பதில்களும்.

நான் குழுத் தலைவி சார். மாசாமாசம் நோட்டுல கையெழுத்து மட்டும் வாங்கிக்கிறாங்க. எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?

நிறைய இருக்கும்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி நடப்பையும் மானியச் செலவையும் கண்காணிப்பது குழுவின் வேலை. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சிறுபான்மைப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மட்டும், 2012 திருத்தப்படி, ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடம் விட்டிருந்தால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள். பிறகு அங்கே ஒரு தீர்மானம் முளைக்காது.

கழிப்பறைக்கு மூணு தடவை தீர்மானம் போட்டாச்சு. ஒண்ணும் நகரல.

"கழிப்பறை வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினீர்களா? அது யாருக்கும் போகாத கடிதம். இப்படி எழுதுங்கள்: "பெண்கள் கழிப்பறை 4இல் 2க்குத் தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டிக் குழாய் உடைந்து தண்ணீர் வரவில்லை. படிக்கும் பெண்கள் 63 பேர்." தாழ்ப்பாளும் குழாயும் பள்ளி மானியத்திலேயே முடிகிற வேலை; அதற்கு மனு எதற்கு? கட்டட வேலை என்றால், ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் தீர்மான நகல், புகைப்படம் இரண்டையும் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் "வரவே இல்லையே" என்பார்கள். அடுத்த கிராம சபையிலும் அதையே தீர்மானமாக்குங்கள்.

மானியம் எவ்வளவு வரும்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி ஆண்டுக்கு, 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. செலவுப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

கூட்டத்துக்குப் பெற்றோர் வரமாட்டேங்கிறாங்க.

கூலி வேலைக்குப் போகிறவர் மதியம் மூன்று மணிக்கு எப்படி வருவார்? நேரத்தை நீங்களே முடிவு செய்ய முடியாவிட்டால், முந்தின நாள் சாயங்காலம் நாலு பேர் தெருவில் உட்கார்ந்து குறைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். போன மாதத் தீர்மானம் என்ன ஆனது என்பதைக் கூட்டத்தின் முதல் பேச்சாக வையுங்கள். அது கடைசிக்குப் போனால் அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பையன் நாலாவது, வாசிக்கத் தெரியல. கேட்டா டீச்சர் கோவிக்கிறாங்க.

"ஏன் சொல்லித் தரல" என்று ஆரம்பித்தால் யாருக்கும் கோபம்தான் வரும். எந்த எழுத்தில் தடுமாறுகிறான், வீட்டில் தினம் பத்து நிமிடம் எதை வாசிக்க வைக்கலாம் என்று தனியாகக் கேளுங்கள். கூடவே ஆசிரியர் எண்ணிக்கையையும் பாருங்கள்: ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைக்கு 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர் என்கிறது சட்டம். குறைந்தால் அது டீச்சர் மேல் உள்ள குற்றமில்லை. வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகவேண்டிய தீர்மானம்.